வாங்கியது 23, ஆடியது 3: அலமாரியில் அடுக்கிய விளையாட்டுப் புத்தகங்களின் கதை

கிள்ளானில் என் சித்தி வீட்டு வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. மேல்தட்டில் சாமி படங்கள். நடுவில் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கேடயங்கள். கீழ்த்தட்டு முழுவதும் சித்தி மகன் வாங்கி அடுக்கிய கெட்டி அட்டை ஆங்கிலப் புத்தகங்கள். அட்டைகளில் நெருப்புக் கக்கும் டிராகன், எலும்புக்கூட்டுப் படை, வாளேந்திய பெண். போன தீபாவளிக்கு வீடு கழுவும்போது சித்தி அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து எண்ணினார். 23 இருந்தன.

"இதுல எத்தனைய வெச்சு விளையாடியிருக்க?"

"மூணும்மா."

ஒரு புத்தகம் 200 ரிங்கிட்டை ஒட்டி வரும் என்று தெரிந்ததும் சித்தி சொன்னதை இங்கே எழுத முடியாது. நான் பக்கத்தில் இருந்ததால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. "நீதான் பேப்பர்ல எழுதுறியே, ஏன் இவன் இப்படிக் காச கரைக்கிறான்னு கேட்டுச் சொல்லு" என்றார். கேட்டேன். பிறகு நானே தேடிப் படித்தேன். தம்பி மட்டுமல்ல, இந்த விளையாட்டைத் தெரிந்தவர்களிடம் கேட்டால் பலரும் இதே பதிலைத்தான் வெட்கச் சிரிப்போடு சொல்கிறார்கள். வாங்கிய புத்தகங்களில் மேசைக்கு வந்தவை சில, அலமாரியில் நின்றவை பல. இதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை. அந்தப் புத்தகங்கள் உருவான விதத்திலேயே காரணம் இருக்கிறது.

முதலில், விளையாட்டு என்ன?

ஆங்கிலத்தில் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்பார்கள். இங்கே வேட விளையாட்டு என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள்: ஒருவர் போர்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரி. "கோட்டை வாசலில் காவலாளி தூங்குகிறான், என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். "சத்தமில்லாமல் தாண்டிப் போகிறேன்" என்றால், முடிகிறதா இல்லையா என்பதை 20 முகமுள்ள பகடை சொல்லும். தாயத்தில் கட்டை உருட்டினால் காய் நகரும். இதில் பகடை உருட்டினால் கதை நகரும். வென்றவர், தோற்றவர் என்று கடைசியில் யாரும் இல்லை.

இதில் முன்னோடி 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி, 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளியிட்டார்கள். நிறுவனத்தின் பெயர் டி.எஸ்.ஆர். ஒரு பெட்டி, உள்ளே மூன்று சிறு கையேடுகள், விலை 10 டாலர். முதலில் அச்சிட்டது 1,000 பெட்டிகள்.

அந்த மூன்றாவது கையேடு முடியும் இடத்தைத் தெரிந்துகொண்டால் மீதிக் கதை வேடிக்கையாக இருக்கும். இனி நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள், உங்கள் கற்பனையையும் நாங்கள் ஏன் செய்து தர வேண்டும் என்ற பொருளில் அது வாசகரை வழியனுப்புகிறது. அடுத்த ஆண்டே, 1975-இல், 'கிரேஹாக்' என்ற முதல் துணைநூலை அதே நிறுவனம் விற்பனைக்கு விட்டது. அதே ஆண்டில் 'பிளாக்மூர்' வந்தது. 1976-இல் மேலும் இரண்டு வந்தன. அதே 1976-இல் ஜட்ஜஸ் கில்ட் என்ற வேறொரு நிறுவனம், தயார் நிலையில் ஒரு கற்பனை நகரத்தையே வரைபடத்தோடு விற்கத் தொடங்கியது. ஆடுபவர்கள் தாங்களே கட்டிக்கொள்ளும் நகரத்தை யார் காசு கொடுத்து வாங்குவார் என்று டி.எஸ்.ஆர். நினைத்திருந்தது. வாங்கினார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் சோர்ஸ்புக். விளையாட அடிப்படை விதிநூல் போதும். அதற்கு மேல் ஓர் ஊர், ஒரு நாடு, ஓர் இனம், ஒரு காலம், அரக்கர் கூட்டம் என்று ஏதாவது ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்லும் நூலே சோர்ஸ்புக். துணைநூல் என்று சொன்னால் நமக்குப் புரியும். உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டால், தமிழ் படித்த எனக்குத் தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு நிலத்துக்குத் தெய்வம் எது, உணவு எது, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்ன என்று வரிசைப்படுத்தி வைத்தால், அந்த நிலத்தில் நடக்கும் கதையை யார் வேண்டுமானாலும் பாடலாம். துணைநூல் செய்வதும் ஏறக்குறைய அதுதான், 250 பக்கங்களில், வண்ணப் படங்களோடு.

கணக்குப் போட்டால் தெரியும்

ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. வேலைக்குப் போகிறவர்கள், ஷிப்ட் மாறுகிறவர்கள், குழந்தை பெற்றவர்கள். வாரம் ஒரு முறை கூடுவதே பெரிய காரியம். கூடினால் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். ஒரு தொடர்கதையை ஆடி முடிக்க ஓராண்டு, சில வேளை இரண்டாண்டு ஆகும். அந்த ஓராண்டில் அவர்கள் ஒரே உலகத்தில், பெரும்பாலும் ஒரே ஊரைச் சுற்றித்தான் உலவுவார்கள். வாங்கிய புத்தகத்தில் 40 ஊர்கள் இருந்தாலும் காலடி படுவது இரண்டில்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆடும் ஐந்து பேரில் இந்தப் புத்தகம் தேவைப்படுவது கதை நடத்தும் ஒருவருக்குத்தான். ரகசியக் கதவு எங்கே, துரோகி யார் என்பதெல்லாம் மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. ஆக, விற்பவரின் பார்வையில் ஐந்து பேர் கூடினால் வாங்குபவர் ஒருவரே. பதிப்பகங்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டன. மற்ற நால்வரையும் எப்படி வாங்க வைப்பது?

வழி கண்டுபிடித்தார்கள். போர்வீரராக ஆடுகிறவருக்கு ஒரு நூல், திருடராக ஆடுகிறவருக்கு ஒரு நூல் என்று 1989-இலிருந்து டி.எஸ்.ஆர். வரிசையாக வெளியிட்டது. 1991-இல் ஒயிட் வுல்ஃப் நிறுவனத்தின் 'வாம்பயர்' விளையாட்டு வந்தது. ஆடுகிறவர்கள் எல்லாரும் இரத்தக் காட்டேரிகள். காட்டேரிகளில் பல குலங்கள், குலத்துக்கு ஒரு புத்தகம். அடுத்து வந்த ஓநாய் மனிதர் விளையாட்டில் குடிக்கு ஒரு புத்தகம். மந்திரவாதிகளுக்கு மரபுக்கு ஒரு புத்தகம். இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு பெயர் வேண்டுமே! குலநூல், குடிநூல், மரபுநூல் என்ற பெயர்களில் முதற்பாதி மட்டும் மாறுவதால், அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு எழுதினார்கள். கணினிக்காரர்கள் நட்சத்திரக் குறியை 'ஸ்பிளாட்' என்பார்கள். அப்படியே 'ஸ்பிளாட்புக்' என்ற சொல் நிலைத்தது. சொற்பிறப்பு தேடுகிறவர்களுக்கு இது ஒரு சின்ன விருந்து.

இந்தக் காட்டேரி நூல்களில் விதிகள் குறைவு. குலத்தின் வரலாறு, துரோகம், பழிவாங்கல் என்று கதைதான் அதிகம். ஒரு நூலில் தொடங்கிய மர்மம் அடுத்த நூலில் தொடரும். வாசகர்கள் தொடர்கதை படிப்பதுபோல் அடுத்த நூலுக்குக் காத்திருந்தார்கள். குழு கலைந்து போய், பகடையை எங்கே வைத்தோம் என்று மறந்துபோனவர்கள்கூடப் புத்தகத்தை மட்டும் தொடர்ந்து வாங்கினார்கள்.

முருகனுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி?

ஆடவே முடியாத புத்தகத்துக்கு நல்ல உதாரணம் நம்மோடு சம்பந்தப்பட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1976-இல் டி.எஸ்.ஆர். வெளியிட்ட நான்காவது துணைநூல், உலகத்துத் தெய்வங்களைப் பற்றியது. ராபர்ட் குன்ட்ஸ், ஜேம்ஸ் வார்ட் இருவரும் எழுதினார்கள். இந்த விளையாட்டில் ஒவ்வோர் உயிருக்கும் எத்தனை அடி தாங்கும் என்பதற்கு ஒரு புள்ளி உண்டு. கவசத்துக்கு ஓர் எண், தாக்குதலுக்கு ஓர் எண். நூலில் தெய்வங்களுக்கும் அதே எண்களைப் போட்டுவிட்டார்கள். எதற்காக? அப்போது சில குழுக்களில் பாத்திரங்களுக்கு அளவில்லாமல் ஆற்றலை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னுரை எழுதிய பதிப்பாசிரியர் டிம் காஸ்க், அவர்களுக்குப் புத்தி சொல்லும் கடைசி முயற்சி இது என்கிற மாதிரி எழுதினார். ஓடின், சியூஸ் போன்ற தெய்வங்களே இவ்வளவுதான் என்று காட்டினால், உங்கள் ஆட்டம் எவ்வளவு அபத்தமாக ஆகிவிட்டது என்று புரியும் என்பது அவர் கணக்கு. நடந்தது வேறு. எண் போட்டுக் கொடுத்த பிறகு, கொல்ல வேண்டிய பட்டியலாகவே அதைச் சிலர் பார்த்தார்கள்.

1980-இல் அதே நூல் விரிவாகி 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' என்ற பெயரில் கெட்டி அட்டையில் வந்தது. கிரேக்கம், எகிப்து, சீனம், ஜப்பான் என்ற வரிசையில் இந்தியப் பகுதியும் இருந்தது. இந்திரன், அக்னி, வருணன், யமன், விஷ்ணு, லட்சுமி, காளி இருக்கிறார்கள். கார்த்திகேயர் என்ற பெயரில் முருகனும் இருக்கிறார். பத்துமலையில் 272 படி ஏறிப் போய்க் கும்பிடும் சாமிக்கு, எத்தனை அடி வாங்கினால் விழுவார் என்று ஒரு வெள்ளைக்காரர் எண் போட்டு வைத்திருக்கிறார். முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது சிரிப்பு. சூரபத்மனே செய்ய முடியாததை விஸ்கான்சின் பையன்கள் 20 முகப் பகடையை வைத்துக்கொண்டு செய்வார்களா!

கேலியை விட்டுவிட்டுப் பார்த்தால், இந்த நூலின் பக்கங்கள் ஆட்டத்தில் பயன்படாமல் போனதற்கான காரணம் எளிது. பாத்திரங்கள் தெய்வத்தை நேருக்கு நேர் சண்டைக்கு இழுக்கும் கட்டம் பெரும்பாலான குழுக்களுக்கு வருவதே இல்லை. ஆனாலும் நூல் விற்றது. ஊரில் நல்ல நூலகம் இல்லாத அமெரிக்கச் சிறுவர்கள் பலருக்கு வருணன், உஷை, ருத்ரன் என்ற பெயர்கள் முதன்முதலில் தெரியவந்தது இந்தப் புத்தகத்தில்தான் இருக்கும். அது சொல்வது முழுக்கச் சரியா என்பது வேறு பேச்சு.

இதன் முதல் அச்சில் லவ்கிராஃப்டின் கதைகளிலிருந்து எடுத்த கதுலு பகுதியும், மைக்கேல் மூர்காக்கின் கதைகளிலிருந்து எடுத்த மெல்னிபோனே பகுதியும் இருந்தன. அந்தக் கதைகளை விளையாட்டாக்கும் உரிமை கேயாசியம் நிறுவனத்திடம் இருந்ததால், பின்னர் வந்த அச்சுகளில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் தேடிப்பிடித்து வாங்குவது அந்தப் பழைய அச்சை. அதை யாரும் மேசையில் வைத்து ஆடப்போவதில்லை. காப்பிக் கறை பட்டுவிடும் என்ற பயமே போதும்.

குவிந்த கிடங்கு

வாங்கி வைத்தால் நஷ்டம் வாங்கியவருக்குத்தான் என்று நினைப்போம். விற்றவரும் விழுந்த கதை உண்டு.

1980-களின் நடுவிலிருந்து டி.எஸ்.ஆர். ஒரு கற்பனை உலகத்தோடு நிற்கவில்லை. 1984-இல் டிராகன்லான்ஸ், 1987-இல் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், 1989-இல் ஸ்பெல்ஜாமர், 1990-இல் ரேவன்லாஃப்ட், 1991-இல் டார்க் சன், 1992-இல் அரபுக் கதைகளின் சாயலில் அல்-காதிம், 1994-இல் பிளேன்ஸ்கேப், 1995-இல் பர்த்ரைட். ஒவ்வோர் உலகத்துக்கும் தனிப் பெட்டி, தனி வரைபடம், தனித் துணைநூல் வரிசை. வேலைப்பாடு அருமையாக இருந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் பாலைவன உலகமான டார்க் சன்னில் ஆடுகிறவருக்கு ரேவன்லாஃப்ட் நூலால் பயன் இல்லை. வாடிக்கையாளர் கூட்டம் பெருகவில்லை. இருந்த கூட்டமே எட்டாகப் பிரிந்தது.

புத்தகக் கடைகளுக்கு இந்த நூல்களைக் கொண்டுபோனது ராண்டம் ஹவுஸ். விற்காதவை திரும்பி வரும் என்பது அந்த வணிகத்தின் ஏற்பாடு. 1996-இல் அவை பெருமளவில் திரும்பி வந்தன. கடன் ஏறியது. பணம் கட்டாததால் அச்சகம் அச்சிட மறுத்தது. 1997 தொடக்கத்தில் மாதக்கணக்கில் புதிய நூல் எதுவும் வரவில்லை. அந்த ஆண்டே விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் டி.எஸ்.ஆரை வாங்கியது. கணக்குப் பார்க்கப் போன ரயன் டான்சி என்ற அதிகாரி, கிடங்கில் விற்காத சரக்கு மலையாகக் குவிந்திருந்ததைப் பின்னர் எழுதினார். பல பொருள்களுக்குத் தயாரிப்புச் செலவே விற்று வந்த பணத்தைவிட அதிகமாக இருந்தது என்றும், வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்று அந்த நிறுவனம் கேட்டறியவே இல்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

பாடம் படித்தார்களா என்றால், உடனே இல்லை. 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது மற்ற நிறுவனங்களும் அதற்குத் துணைநூல் எழுதலாம் என்று உரிமத்தைத் திறந்துவிட்டார்கள். சின்னச் சின்னப் பதிப்பகங்கள் மழைக்குப் பிந்திய காளான்போல் முளைத்தன. 2003-இல் விதிகளைத் திருத்தி 3.5 பதிப்பு வந்ததும் கடைகளில் இருந்த பழைய நூல்கள் ஒரே இரவில் பழஞ்சரக்கு ஆயின. பல பதிப்பகங்கள் மூடப்பட்டன. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் நிதானம் வந்தது. ஆண்டுக்குச் சில நூல்கள் மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள்.

ஆடாமலே பயன்பட்டவை

சித்தியிடம் சொல்ல எனக்கு ஒரு நல்ல பதில் வேண்டியிருந்தது. அது கிடைத்தது 'ஸ்டார் வார்ஸ்' கதையில்.

1987-இல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் என்ற நிறுவனம் 'ஸ்டார் வார்ஸ்' படங்களை வைத்து ஒரு வேட விளையாட்டை வெளியிட்டது. கூடவே துணைநூல்களும் வந்தன. அப்போது மூன்று படங்களும் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மக்கள் மெல்ல மறந்துகொண்டிருந்தார்கள். படத்தில் ஓரமாக நிற்கும் விசித்திர உருவங்கள் பலவற்றுக்குப் பெயர்கூட இல்லை. விளையாட்டு எழுதியவர்களுக்குப் பெயர் இல்லாமல் முடியாது. யாராவது ஓர் ஆட்டக்காரர் அந்த உருவமாக ஆட வேண்டும் என்பாரே. எனவே உட்கார்ந்து பெயர் வைத்தார்கள், ஊர் வைத்தார்கள், கப்பல்களுக்கு அளவு எழுதினார்கள். தலையிலிருந்து இரண்டு நீண்ட வால்போலத் தொங்கும் இனத்துக்கு ட்விலெக் என்ற பெயர் வந்தது அந்த நூல்களிலிருந்து.

பிறகு புதிய நாவல் வரிசை ஒன்றைத் தொடங்க எழுத்தாளர் டிமத்தி ஸானை அமர்த்தினார்கள். அவருக்குப் பின்னணித் தகவலாக லூகாஸ்ஃபில்ம் அனுப்பியது இந்தத் துணைநூல்களைத்தான். 1991-இல் அவருடைய 'ஏர் டு த எம்பயர்' வெளிவந்து பெரும் விற்பனை கண்டது. 'ஸ்டார் வார்ஸ்' மறுபடி உயிர்பெற்றதில் அந்த நாவலுக்குப் பங்கு உண்டு. விளையாட்டு இப்போது அச்சில் இல்லை. அதில் வைத்த பெயர்கள் திரையில் இருக்கின்றன.

இன்னொரு நூலின் கதை நீதிமன்றம் வரை போனது. டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் இருக்கும் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ், 'கர்ப்ஸ்' என்ற விளையாட்டுக்காக ரோம், ஜப்பான், வைக்கிங்குகள் என்று துறைவாரியாகத் துணைநூல்கள் வெளியிட்டது. 'கர்ப்ஸ்' ஆடாதவர்களும் தகவலுக்காகவே வாங்கிய நூல்கள் இவை. அந்த வரிசையில் கணினித் திருடர்கள் உலவும் எதிர்காலத்தைப் பற்றிய 'சைபர்பங்க்' நூல் தயாராகிக்கொண்டிருந்தபோது, 1990 மார்ச் 1 அன்று அமெரிக்க ரகசியச் சேவை அதிகாரிகள் அலுவலகத்தில் புகுந்து கணினிகளையும் கையெழுத்துப் படியையும் அள்ளிப் போனார்கள். கணினிக் குற்றத்துக்கான கைப்புத்தகம் என்று அவர்கள் அதை நினைத்தார்கள். நிறுவனம் வழக்குப் போட்டு 1993-இல் வென்றது. 50,000 டாலர் இழப்பீடும் வழக்குச் செலவும் கிடைத்தன. ஒரு விளையாட்டுத் துணைநூலை இவ்வளவு அக்கறையாக அரசாங்கம் படித்தது அதுதான் முதல் முறையாக இருக்கும்.

மொழி படித்தவள் என்ற முறையில் எனக்கு மிகவும் உறுத்தலாக இருப்பது டெக்குமெல். 1975-இல் 'எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்' என்ற பெயரில் வந்தது. எழுதிய எம்.ஏ.ஆர். பார்க்கர், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருது கற்பித்த பேராசிரியர். பலூச்சி மொழிக்குப் பாடநூல் எழுதியவர், கிளாமத் என்ற அமெரிக்கப் பூர்வகுடி மொழிக்கு அகராதி செய்தவர். ஐரோப்பியக் கோட்டைகளை விட்டுவிட்டு இந்திய, மாயன், எகிப்தியச் சாயலில் ஓர் உலகத்தைப் படைத்து, அதற்கு சோல்யானி என்ற மொழியையும் எழுத்தையும் இலக்கணத்தையும் செய்தார். படித்தவர்கள் வியந்தார்கள். ஆடியவர்கள் கொஞ்சம். மொழி தெரியாமல் எப்படி வாய் திறப்பது என்ற தயக்கமே பலரை நிறுத்தியது. பார்க்கர் வேறொரு பெயரில் நாஜிக் கொள்கையை ஆதரிக்கும் நாவல் ஒன்றை 1991-இல் எழுதினார் என்பதை, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2022-இல் டெக்குமெல் அறக்கட்டளையே உறுதிப்படுத்தியது. அந்த இலக்கணத்தை வியந்த மனம் இந்தச் செய்தியைக் கேட்டு அப்படியே நின்றுவிடுகிறது.

நம் ஊரிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. மலேசிய எழுத்தாளர் ஸெடெக் சியூ எழுத, முன் காவ் ஓவியம் வரைய, 'எ தவுசண்ட் தவுசண்ட் ஐலண்ட்ஸ்' என்ற சிறு கையேடுகளின் வரிசை வந்தது. முதலைகள் ஆளும் நாடு ஒன்று, பூனைகள் உலவும் காட்டூர் ஒன்று என்று ஒவ்வொரு கையேடும் ஓர் இடம். தென்கிழக்காசியாவின் ஆறும் சந்தையும் ஆவிகளும் நிறைந்தவை. விளையாட்டு விதி என்று எதுவும் அவற்றில் இல்லை. இடம், ஆட்கள், பொருள்கள், படங்கள். அவ்வளவுதான். எந்த விளையாட்டோடும் சேர்த்து ஆடலாம், எதையும் ஆடாமல் படிக்கவும் செய்யலாம். டிராகனும் பனிமலையும் பார்த்துப் பழகிய வெளிநாட்டு வாசகர்கள் விரும்பி வாங்கினார்கள். தம்பியின் அலமாரியில் நான் கடைசிவரை படித்தது இவற்றைத்தான்.

இன்றைக்கு வாங்க நினைப்பவர்களுக்கு

இப்போது அலமாரி நிரம்பினாலும் வாங்குவது நிற்பதில்லை. நூல் கணினிக் கோப்பாக வருகிறது. டிரைவ்த்ரூ ஆர்பிஜி போன்ற தளங்களில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. கிக்ஸ்டார்ட்டரில் முன்பணம் கட்டி, நூல் வர ஓராண்டு, ஈராண்டு காத்திருக்கிறார்கள். 2021-இல் 'அவதார் லெஜண்ட்ஸ்' என்ற விளையாட்டுக்கு 81,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 95 லட்சம் டாலருக்கு மேல் கட்டினார்கள். காத்திருந்த புத்தகம் கைக்கு வரும்போது சேர்ந்து ஆட நினைத்த நண்பர் வேலை மாறி ஜோகூருக்குப் போயிருப்பார். இது தம்பிக்கு நடந்தது.

படிப்பதற்காக எழுதிய நூலை ஆடும்போது எடுத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அறைக்குள் காவலாளி இருக்கிறான் என்ற செய்தி, அறையின் திரைச்சீலையைப் பற்றிய மூன்று பத்திகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நான்கு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அதைத் தேட முடியாது. இந்தக் குறையைச் சிலர் திருத்தியிருக்கிறார்கள். கேவின் நார்மனின் 'ஓல்டுஸ்கூல் எசென்ஷியல்ஸ்' நூல்களில் ஒரு விஷயம் திறந்த இரண்டு பக்கங்களுக்குள் முடியும், சொற்றொடர்கள் சிறியவை, கண் உடனே பிடிக்கும். வாங்கும் முன் ஒரு பக்கத்தைத் திறந்து, ஐந்து நொடியில் தேவையானது கண்ணில் படுகிறதா என்று பார்த்தால், அந்த நூல் மேசைக்கா அலமாரிக்கா என்று தெரிந்துவிடும்.

பிள்ளை இதில் இறங்க ஆசைப்படுகிறான், ஆனால் கையில் காசு இல்லை என்றால் கவலை வேண்டாம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவுக்கே விட்டுவிட்டார்கள். பகடைகள், ஒரு பயிற்சிப் புத்தகம், பென்சில், நான்கு நண்பர்கள். கிடைக்காதது கடைசியில் சொன்னதுதான். ஆள் சேர்ந்த பிறகு புத்தகம் வாங்குவது நல்லது. புத்தகம் வாங்கிவிட்டால் ஆள் சேரும் என்று நம்பி வாங்கியவைதான் தம்பியின் 20.

அவனிடம் இதைச் சொன்னபோது அவன் மறுக்கவில்லை. "ஆனா அக்கா, உங்க வீட்டுல அபிதான சிந்தாமணி இருக்குல்ல, அத முதல் பக்கத்துலேருந்து படிச்சீங்களா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை அவர்கள் ஆடுவதைப் பார்க்கப் போனேன். சாப்பாட்டு மேசையில் பகடைகள், கச்சாங் பூத்தே, ஆறு தே தாரிக், கோடுபோட்ட பயிற்சிப் புத்தகம். 23-இல் ஒன்றுகூட மேசையில் இல்லை. கதையில் அவர்கள் ஆற்றங்கரைச் சந்தைக்குள் நுழைந்தார்கள். மீன் விற்கும் ஒரு கிழவியிடம் யாரோ பேச்சுக் கொடுத்தார்கள். அப்படி ஒரு கிழவியைத் தம்பி முன்கூட்டி எழுதி வைத்திருக்கவில்லை. ஆனாலும் அவளுக்குப் பெயர் சொன்னான், இடதுகையில் இரண்டு விரல் இல்லை என்றான், எந்த மீனை வாங்கக் கூடாது என்று அவள் காதோடு சொன்னதையும் சொன்னான். அரை மணி நேரம் அந்தக் கிழவியை விட்டு யாரும் நகரவில்லை.

எல்லாரும் போன பிறகு, அதெல்லாம் அப்போதே தோன்றியதா என்று கேட்டேன். அலமாரிக்குப் போய்ப் பின்வரிசையிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். வேறொரு நாடு, வேறொரு சந்தை, படகுத் துறையில் விரலில்லாத ஒரு சுங்கக்காரன்.

கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த சித்தி எட்டிப் பார்த்தார்.

"அப்ப நாலுன்னு எழுதிக்கடி" என்றார் என்னிடம்.